வணிகம் விலகியதால் மிஞ்சிய ஊர்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் பயணம் போகும் தம்பதியர், சதுரங்கப்பட்டினமும் புதுச்சேரியும் கடந்து தரங்கம்பாடியில் நுழைந்தால், 1792இல் கட்டிய நகர வாயிலும், ராஜ வீதியில் 1718இன் புதிய எருசலேம் ஆலயமும், தஞ்சை ரகுநாத நாயக்கருடன் 1620இல் செய்த ஒப்பந்தத்தால் எழுந்த டேனியக் கோட்டையும் எதிர்ப்படும். இவை மிஞ்சியதற்கு டேனியரின் கட்டுமான உறுதியே காரணம் என்பார்கள். உண்மையில், வணிகம் விலகியதே பெரிய காரணம். 1845இல் ஊர் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டது. 1861இல் ரயில் நாகப்பட்டினத்துக்குப் போனது; சரக்கும் அங்கேயே சென்றது. பழையதை இடித்துப் புதிதாகக் கட்டும் தேவை இங்கே எழவில்லை. சுறுசுறுப்பாக இயங்கிய நாகப்பட்டினத்திலோ, சோழர் காலப் பௌத்த விகாரத்தின் எச்சமாக நின்ற செங்கல் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டது.

அப்படியானால் புறக்கணிப்பே பாதுகாப்பா என்று கேட்கலாம். இல்லை, அது காலத்தை நீட்டித்தது, அவ்வளவுதான். தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கட்டடத்தைக் காப்பதற்குக் கைத்தொழில் அறிவும் வேண்டும். சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கி, செங்கல் பொடிப்பொடியாக உதிரும். இன்று வணிகம் சுற்றுலாவாகத் திரும்பி வருகிறது. பழுதுபார்ப்பவர் கையில் சிமென்ட் அல்ல, சுண்ணாம்பு இருக்கட்டும்.