போகவந்தலாவையில் உறங்கும் புகைப்படக் கலைஞரும் கமெராவின் மூன்று கணக்குகளும்

நீண்டகாலம் பத்திரிகைத் துறையில் இருந்தவன் என்பதால், புதிதாகக் கமெரா வாங்கிய இளைஞர்கள் சிலர் என்னிடம் ஆலோசனை கேட்பதுண்டு. அவர்களுள் அநேகர் கமெராவைத் தானியங்கி முறையில் நிறுத்திவிட்டு, அதன்பின் அந்தத் திருகியைத் தொடுவதேயில்லை. பொத்தான்களை விளக்குவதற்கு முன்னர், நம் மலையகத்தில் அடக்கம் செய்யப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றி அவர்களுக்குச் சொல்வது என் வழக்கம்.

இலங்கை வரலாறு படித்தோர் கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவை அறிவர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு வழிகோலிய அக்குழுவின் சார்ள்ஸ் ஹே கமரனுடைய மனைவியே ஜூலியா மார்கரெட் கமரன். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். இங்கிலாந்தின் வைட் தீவில் வாழ்ந்த காலத்தில், 1863 டிசெம்பரில், மகளும் மருமகனும் அவருக்கு ஒரு கமெராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. பெட்டியை எங்கே வைப்பது, எவ்வாறு குவியப்படுத்துவது என்பதெதுவும் அவருக்குத் தெரியாது. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று; கோழிக்கூடு படப்பிடிப்புக் கூடமாயிற்று. எடுத்த முதற்படத்தை, தட்டின் ஈரப்பூச்சு இருந்த பக்கத்தில் கைபட்டு அழித்துவிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். ஆயினும் 1864 ஜனவரியிலேயே தமது முதல் வெற்றி என்று அவர் கருதிய படம் கைகூடிற்று.

அவர் கற்க வேண்டியிருந்தவற்றில் முதலாவது துவாரம். வில்லையினூடாக ஒளி புகும் வாயிலின் அளவு அது. 1858இல் ஜோன் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர், வெவ்வேறு அளவில் துளையிட்ட உலோகத் தகடுகளை வில்லைக்குழலின் பிளவொன்றில் செருகும் முறையைக் கொண்டுவந்தார். இன்று வில்லையினுள்ளே விரிந்து சுருங்கும் மெல்லிய இதழ்கள் அதே வேலையைச் செய்கின்றன. எப் 2, 2.8, 4, 5.6, 8, 11, 16 என்னும் எண்கள் புதியவர்களைக் குழப்புவது இயல்பு. குவியத்தூரத்தைத் துவாரத்தின் விட்டத்தால் வகுக்கக் கிடைப்பதே அந்த எண். 50 மில்லிமீற்றர் வில்லையில் விட்டம் 25 மில்லிமீற்றராயின் எப் 2. எண் வளர வளர வாயில் சிறுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒளி பாதியாகும். வாயில் பெரிதாயின் முகம் மட்டும் தெளிந்து பின்னணி மங்கும். சிறிதாயின் முன்னும் பின்னும் தெளியும். ஜூலியாவின் படங்களில் கண்கள் மட்டும் துலங்கி ஏனையவை கரைந்து நிற்பதற்குப் பெரிய துவாரமும் ஒரு காரணம். அதனைக் குறையென்று பழித்தவர்கள் அக்காலத்தில் இருந்தனர்.

இரண்டாவது நேரம். அன்று ஷட்டர் என்று தனியாக ஒன்றிருக்கவில்லை. வில்லையின் மூடியைக் கழற்றி எண்ணி மீண்டும் மூடுவர். ஜூலியாவின் முன் அமர்ந்தவர்கள் சில நிமிடங்கள் அசையாதிருக்க நேர்ந்தது. 1878இல் கலிபோர்னியாவில் எட்வேட் மைபிரிட்ஜ், பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒருங்கே நிலத்தைவிட்டு எழுவதைப் படம்பிடித்துக் காட்டியபோது, செக்கனின் சிறு பின்னங்கள் மனிதனின் வசப்பட்டன. 1925இல் சந்தைக்கு வந்த லைக்கா, அந்த ஆற்றலை ஒரு கையடக்கக் கருவிக்குள் அடக்கியது. சாதாரண வில்லையைக் கையிலேந்திப் படமெடுக்க 1/60 செக்கன் போதுமானது. ஓடும் பிள்ளையை உறையச் செய்ய 1/500 வேண்டும்.

மூன்றாவது உணர்திறன். அமெரிக்கரின் ஏ.எஸ்.ஏ., ஜேர்மனியரின் டின் என்னும் இரு அளவைகளும் 1974இல் ஐ.எஸ்.ஓ. என்னும் ஒரே அளவையாக இணைந்தன. 100இலிருந்து 200க்குச் செல்ல உணர்திறன் இரட்டிக்கும். மிக உயர்த்தினால் படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள் தோன்றும். பிலிம் காலத்துப் படப்பிடிப்பாளர்களின் மனக்கணக்கு ஒன்றுண்டு. நல்ல வெயிலில் எப் 16, நேரம், ஐ.எஸ்.ஓ. எண்ணின் தலைகீழ். அதாவது ஐ.எஸ்.ஓ. 100இல் ஏறத்தாழ 1/100 செக்கன். ஒரு நாள் முழுவதும் இந்தக் கணக்கை மட்டும் வைத்துப் படமெடுத்துப் பார்த்தால் மூன்றுக்குமுள்ள உறவு கையில் படிந்துவிடும்.

இவ்வளவையும் கமெராவே செய்கிறதே என்பர். செய்கிறது, ஆனால் எதை நினைத்துச் செய்கிறது? கமெராவின் ஒளிமானி தன்முன் உள்ளதெல்லாம் இடைத்தரச் சாம்பல் நிறமென்றே கருதிக் கணக்கிடுகிறது. வெள்ளை வேட்டியும் வெயில் படிந்த கோயிற் சுவரும் சட்டத்தை நிறைத்தால், அவற்றைச் சாம்பலாக்கும் முயற்சியில் ஒளியைக் குறைக்கும். நடுவே நிற்கும் மாநிற முகம் கரிக்கட்டையாகும். அச்சேறிய பத்திரிகையில் இத்தகைய முகங்களை எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். வர்ணப் பிலிமின் காலத்தில் கொடாக் நிறுவனம் ஆய்வுகூடங்களுக்கு அனுப்பிய நிற ஒப்பீட்டு அட்டைகளில் பல்லாண்டுகளாக வெள்ளையினப் பெண்ணொருத்தியின் உருவமே இருந்தது. கருவி நடுநிலையானதென்று நம்பியிருக்கலாகாது. வெளிச்சம் பின்னணியில் இருக்கும்போது ஒளியீட்டை ஒரு படி கூட்டுங்கள். கறுத்த முகமொன்றே சட்டத்தை நிறைத்தால் சற்றுக் குறையுங்கள்.

இனி வில்லையின் பராமரிப்பு. 1890களில் டெனிஸ் டெய்லர் என்ற ஆங்கிலேய ஒளியியலாளர், நாட்பட்டு நிறம் மங்கிய வில்லைகள் புதியவற்றைவிடக் கூடுதலான ஒளியைக் கடத்துவதைக் கவனித்தார். கண்ணாடியின்மேல் இயற்கையாகப் படிந்த மென்படலம் ஒளி தெறிப்பதைக் குறைத்ததே காரணம். 1935இல் சைஸ் நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா அத்தகைய படலத்தை வெற்றிடத்தில் செயற்கையாகப் பூசும் முறையைக் கண்டார். இன்று வில்லையில் தெரியும் ஊதா, பச்சைச் சாயல் அதுவே. அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சட்டை நுனியால் தேய்க்கும்போது, தூசியிலுள்ள மணற்றுணிக்கை அதனைக் கீறும். முதலில் காற்றூதி, பின் மென்தூரிகை, அதன் பிறகே துணி. திரவத்தைத் துணியில் இடவேண்டும், வில்லையில் அன்று.

நம் நாட்டில் பெரும்பகை பூஞ்சணம். ஈரம் மிகுந்த காற்றில், மூடிய தோற்பையில் வைத்த வில்லையினுள் அது சிலந்திவலைபோல் படரும். அதன் அமிலம் கண்ணாடியையே அரிக்கும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொதிகளுடன் வையுங்கள்; அவற்றை அவ்வப்போது உலர்த்துங்கள். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறவாதீர்கள். வில்லைமீது நீர் ஒடுங்கும். எல்லாவற்றிலும் மேலாக, கமெராவை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துங்கள்.

ஜூலியா 1875இல் கணவருடன் இலங்கை வந்தார். இங்கு அவர் எடுத்தவற்றுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவு. அவற்றில் களுத்துறைக் கிராமத்தவரும் தோட்டத் தொழிலாளரும் உள்ளனர். 1879இல் திக்கோயாவில் காலமான அவரின் கல்லறை போகவந்தலாவை தேவாலய வளவில் இருக்கிறது. இங்கிலாந்தில் அவர் முன் அமர்ந்த டெனிசனையும் டார்வினையும் உலகம் பெயர் சொல்லி அறியும். இங்கு அமர்ந்தவர்களின் படங்களுக்கோ களுத்துறைக் குடியானவர்கள் என்பதுபோன்ற தலைப்புகளே மிஞ்சின. முகத்தின் ஒளியைச் சரியாக அளந்தவர் பெயரைக் கேட்டு எழுதவில்லை.

ஆகவே இளைஞர்களிடம் இறுதியாக நான் வேண்டுவது ஒன்று. துவாரம், நேரம், உணர்திறன் என்ற மூன்றையும் குறித்து வைக்கும் ஏட்டில் நான்காவதாக ஒரு நிரலையும் வரையுங்கள். படத்தில் இருப்பவரின் பெயர், ஊர், திகதி ஆகியன அதில் இடம்பெறட்டும்.