அடுத்தவர் புகையை அளந்த கதை

மாத்தளைத் தேயிலைத் தோட்ட லயங்களை அறிந்தவர்களுக்கு அங்குள்ள காம்பிராவின் அளவும் தெரிந்திருக்கும்: பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள்ளேயே குடும்பம், அதையொட்டியே விறகடுப்பு. கணவர் பீடியோ சுருட்டோ பற்றவைத்தால் மனைவியும் பிள்ளைகளும் அந்தப் புகையையே சுவாசிக்கின்றனர். அது அவர்களுடைய இதயத்தை எவ்வளவு தாக்குகிறது? கேட்பது எளிது, அளப்பதுதான் கடினம்.

தொடக்கத்தில் ஆய்வாளர்களிடம் இருந்த கருவி ஒரு கேள்வி மட்டுமே: "உங்கள் கணவர் புகைப்பவரா?" ஜப்பானில் ஹிராயாமா, புகைக்காத 91,540 மனைவியரைப் பின்தொடர்ந்து, நுரையீரல் புற்றுநோய் பற்றி 1981இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வும் இந்தக் கேள்வியையே நம்பியது. ஆனால் பேருந்திலும் பணியிடத்திலும் சுவாசித்த புகை இந்தக் கேள்விக்குள் அடங்காது.

அடுத்து வந்தது கொட்டினின். உடலுக்குள் சென்ற நிக்கோட்டின் சிதைந்து உருவாகும் பொருள் இது. இரத்தத்திலும் உமிழ்நீரிலும் சில நாள்கள் தங்கும். பிரித்தானியாவின் 18 நகரங்களில் 1978-80இல் இரத்தம் கொடுத்த ஆண்களை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2004இல் வெளியானது. வாழ்க்கைத்துணையின் பழக்கத்தை மட்டும் கேட்ட ஆய்வுகள் இதயநோய் அபாயம் 25 முதல் 30 விழுக்காடு கூடுவதாகக் கூறியிருந்தன. கொட்டினின் அதிகமாயிருந்த, புகைக்காத ஆண்களிடமோ அது 50 முதல் 60 விழுக்காடு கூடியிருந்தது. கேள்வி பாதியை மறைத்திருந்தது என்பதே இதன் பொருள்.

இலங்கையும் பங்கேற்ற, 52 நாடுகளின் 'இன்டர்ஹார்ட்' ஆய்வு 2006இல் வேறொரு வழியைக் காட்டியது. வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டார்கள். 21 மணி நேரத்துக்கு மேல் அடுத்தவர் புகையில் இருந்தவர்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு 62 விழுக்காடு அதிகம்.

இக்கருவிகளை மாத்தளைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்த்தேன். காபன் மொனொக்சைட்டை அளந்தால் விறகடுப்பும் கணக்கில் சேர்ந்துவிடும். கொட்டினினுக்கு அடுப்புப் புகையால் குழப்பமில்லை. ஆனால் வெற்றிலையோடு புகையிலை மெல்லும் பெண்ணின் இரத்தத்திலும் அது இருக்கும். வடக்கே கலேவெலப் பக்கம் ஈரப் புகையிலை இலையைக் கையாளும் உழவரின் தோல்வழியேயும் நிக்கோட்டின் புகும். ஆகவே இங்கு இரத்தமும் வேண்டும், கேள்வியும் வேண்டும். அக்கேள்வியைக் கேட்பவருக்கு அவ்வூர் வாழ்க்கையும் தெரிந்திருக்க வேண்டும்.

இலங்கையின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் மூடிய பொது இடங்களில் புகைப்பதைத் தடுத்தது. காம்பிராவின் வாசலை அது தாண்டுவதில்லை. தான் புகைக்காத ஒரு தோட்டப் பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால், "புகைப்பழக்கம் இல்லை" என்று எழுதுவதோடு நிறுத்திவிடலாகாது. யாருடைய புகையை, எத்தனை மணி நேரம் சுவாசித்தாள் என்பதும் எழுதப்பட வேண்டும். அளக்கப்படாத துயரத்துக்கு நிவாரணமும் கிடைப்பதில்லை.