புறநானூற்றுப் போரறமும் அதன் எல்லையும்

சங்ககாலத் தமிழர் அறம் பிறழாது போர் செய்தனர் என்பது நம் இலக்கிய வரலாறுகளிற் பலகாலும் கூறப்பெறும் கருத்தாகும். அதற்குப் பெரிதும் சான்றாவது புறநானூற்று 9ஆம் பாட்டு. அச்சான்று எதனை நிறுவுகின்றது, எவ்விடத்து நின்றுவிடுகின்றது என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடியது அப்பாட்டு. ஆக்களும், ஆவின் இயல்பினராகிய பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், முன்னோர்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதோரும், அம்பு விடுமுன் தத்தம் அரணை அடைக என அதன்கண் அறிவிக்கப்படுகின்றது. இவ்வறிவிப்பில் இரு கூறுகள் உள: ஒன்று, போரை முன்னுணர்த்தித் தொடங்குதல், மற்றொன்று, போர்க்குரியரல்லாரை விலக்குதல். தொல்காப்பியர் வெட்சிக்கு இலக்கணம் வகுக்குங்கால், ஆநிரையைக் கொணர்தலோடு அமையாது 'ஓம்பல்' என்பதனையும் சேர்த்துரைத்தமை இதனோடு ஒப்புநோக்கத்தக்கது.

ஆயின், அப்புலவரே அவ்வேந்தனையே பாடிய 15ஆம் பாட்டையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். பகைவர் ஊரில், தேர் குழித்த தெருக்களிற் கழுதையேர் பூட்டி உழுததும், புள்ளொலிக்கும் விளைவயல்களில் தேர் செலுத்தியதும், காவல்மிக்க குளங்களிற் களிறு படிவித்ததும் அங்கே வேந்தன் புகழாகவே எண்ணப்படுகின்றன. பகைப்புலத்தை எரியூட்டல் தொல்காப்பியத்தில் வஞ்சித்துறைகளுள் ஒன்று. காரிக்கண்ணனார் பாண்டியன் நன்மாறனுக்குக் கூறும் அறிவுரை (புறம். 57) இன்னும் தெளிவுடையது. கழனிகளைக் கொள்ளையிடினும் இடுக, ஊர்களை எரிப்பினும் எரிக்க, காவன்மரங்களை மட்டும் வெட்டற்க என்கின்றார் அவர். அதற்கு அவர் காட்டும் காரணமும் இரக்கமன்று. அம்மரங்கள் அவன் யானைகட்குக் கட்டுத்தறியாக ஆற்றா என்பதே.

இவையெல்லாம் துறை பற்றிய புனைந்துரைகளே, நிகழ்ந்தன அல்ல எனச் சிலர் கூறலாம். புனைந்துரையே யாயினும், எச்செயலைப் புகழெனக் கொண்டனர் என்பதனை அவை காட்டாமற் போகா. எனவே, அக்காலப் போரறம் சில உயிர்களைக் காத்தது. அவ்வுயிர்கள் வாழ்தற்குரிய வயலையும் நீரையும் காக்கவில்லை. அரணடைந்து பிழைத்தோர் மீண்டுவந்து எதனை உண்பர் என்னும் வினா ஆண்டு எழவில்லை. விளைவிக்கும் உழவரும் அப்பட்டியலில் இலர்.

இவ்வெல்லையை அணுகி நிற்பவர் கோவூர் கிழாரே. நலங்கிள்ளி ஆவூரை முற்றியபோது அடைத்திருந்த நெடுங்கிள்ளியிடம் (புறம். 44), பாலின்றி அழும் குழவிகளையும், பூவின்றி முடிக்கும் மகளிரையும், நீரின்றி வருந்தும் மனைகளையும் அவர் சுட்டுகின்றார், அறவனாயின் கதவைத் திறந்து நகரை அளிக்க, மறவனாயின் திறந்து பொருக என்கின்றார். எனினும், பழி அடைத்திருந்தவன்மேல் வைக்கப்பட்டதேயன்றி முற்றியவன்மேல் அன்று. உறையூர் முற்றுகையிற் பாடிய 45ஆம் பாட்டில்தான் இருவரையும் ஒருங்கே விலக்குகின்றார். ஆண்டும் அவர் காட்டும் காரணம், தோற்பது யாராயினும் தோற்பது சோழர்குடியே என்பதாம்.

இதுபற்றி நம் முன்னோரை இழித்துரைத்தல் நம் கருத்தன்று. போர்க்காலத்துப் பொதுமக்களைக் காக்கும் செனீவா உடன்படிக்கை 1949இல் தோன்றிய பின்னரும், பயிரையும் குடிநீர் நிலைகளையும் அழித்தலை வெளிப்படையாக விலக்கும் விதி 1977ஆம் ஆண்டு இணைப்பு உடன்படிக்கையிலேயே இடம்பெற்றது. 9ஆம் பாட்டைப் போற்றுவோம். 15ஆம் பாட்டை மறையாது போற்றுவோம். அறத்தின் அளவை உள்ளவாறு அறிதலே ஆராய்ச்சிக்கு அறமாகும்.