மண்டையில் பட்ட பந்து

கொல்கத்தா வந்து பதினோரு வருஷம் ஆச்சு. இங்கே யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் ஆபீஸில் கேட்கிற முதல் கேள்வி, "வேலூர் போகலையா?" என்பதுதான். போன மாசம் என்னிடமே கேட்டார்கள்.

பையனுக்கு 14 வயசு. மாடிக் குடியிருப்பு மைதானத்தில் ஹெல்மெட் இல்லாமல் ஆடி, காதுக்கு மேலே பந்து பட்டது. பக்கத்து ஆஸ்பத்திரியில் சிடி ஸ்கேன் எடுத்து, "நார்மல், நாளைக்கே ஸ்கூல் அனுப்புங்க" என்று அனுப்பிவிட்டார்கள். நாங்களும் நம்பி அனுப்பினோம். மூணாவது நாள் வெளிச்சம் பார்த்தாலே கண் கூசுது, புத்தகத்தைத் திறந்தாலே தலைவலி. வேறொரு நரம்பியல் டாக்டர்தான் புரிய வைத்தார். ஸ்கேனில் தெரிவது ரத்தக்கசிவும் எலும்பு முறிவும்தான். கன்கஷன், அதாவது மூளை அதிர்ந்து கொஞ்ச நாள் வேலை தடுமாறுவது, அதில் தெரியாதாம்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் நாரி கான்ட்ராக்டர் கதையைத் தேடிப் படித்தேன்.

1962 மார்ச், பார்படாஸ். சார்லி கிரிஃபித் போட்ட பந்து இந்திய கேப்டனின் மண்டையில் பட்டது. அப்போது ஹெல்மெட் ஏது! ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு நிலைமை மோசமாகி, உள்ளே ரத்தம் கட்டியது. மூளை நிபுணர் டிரினிடாடிலிருந்து வரவேண்டும். அதுவரை தாங்காது என்று அங்கிருந்த டாக்டரே ஆபரேஷன் செய்தார். அந்தத் துணிச்சல்தான் உயிரைக் காப்பாற்றியது என்று நினைக்கிறேன். ரத்தம் கொடுத்தவர்களில் எதிரணி கேப்டன் ஃபிராங்க் வொரெலும் ஒருவர். அந்த நன்றிக்குத்தான் பிப்ரவரி 3-ஆம் தேதி ஈடன் கார்டனில் அவர் பெயரில் ரத்ததான முகாம் நடக்கிறது. நானும் ஒருமுறை வரிசையில் நின்றிருக்கிறேன், காரணம் தெரியாமலே!

கான்ட்ராக்டர் மண்டையில் பிறகு உலோகத் தகடு வைத்தவர் வேலூர் சிஎம்சியின் டாக்டர் ஜேக்கப் சாண்டி. கனடாவில் மாண்ட்ரியாலில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்று வந்து, 1949-ல் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கியவர். அடுத்த வருஷமே சென்னை பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி இன்னொன்று தொடங்கினார். அந்தத் தகட்டை 2022-ல்தான் மும்பையில் எடுத்தார்கள். அறுபது வருஷம்! வேலூர் வேலூர் என்று வங்காளிகள் சொல்வது சும்மா இல்லை.

இதில் ஒன்றைக் கவனிக்கணும். மனிதத் தலையை முதன்முதலில் சிடி ஸ்கேன் எடுத்ததே 1971-ல். மயக்கத்தின் ஆழத்தை எண்ணால் சொல்லும் கிளாஸ்கோ அளவுகோல் வந்தது 1974-ல். கான்ட்ராக்டர் காலத்தில் எக்ஸ்ரேயும் டாக்டரின் கண்ணும்தான் துணை.

ஆனால் ஸ்கேன் வந்த பிறகும் ஏமாந்திருக்கிறோம். 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் ஆர்ச்சர் பந்து பட்டு விழுந்த ஸ்டீவ் ஸ்மித், பரிசோதனையில் தேறி மறுபடி வந்து ஆடினார். அறிகுறி தெரிந்தது மறுநாள் காலையில். டெஸ்டில் கன்கஷனுக்கு முதல் மாற்று ஆட்டக்காரராக லபுஷேன் இறங்கியது அப்போதுதான்.

எங்கள் டாக்டர் சொன்னது: முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, திரை பார்ப்பது குறைவு. பிறகு நடை, அரைநாள் பள்ளி என்று படிப்படியாக. வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதெல்லாம் பழைய கதை. விளையாட்டு கடைசியில், அதுவும் டாக்டர் சரி என்ற பிறகே. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு வந்தால் மட்டும் ராத்திரி இரண்டு மணி என்றாலும் ஓடணும்.

பையன் இப்போது அரைநாள் ஸ்கூல் போகிறான். "கான்ட்ராக்டர் திரும்ப ஆடினாராப்பா?" என்று கேட்டான். உள்ளூர்ப் போட்டிகளில் பல வருஷம் ஆடினார் என்றேன். டெஸ்டைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.