வளையத்திற்கு அப்பால்: ஸ்டீவனேஜ் புதுநகரும் மக்கள் கருத்துக்கேட்பும்

இங்கிலாந்தின் பசுமை வளையம் பெரும்பாலும் நிலப் பாதுகாப்பின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. பெருநகரின் பரவலிலிருந்து வயல்களும் காடுகளும் தப்பிய கதை அது. ஆயினும் வளையத்தை வரைந்த அதே திட்டம், நகரிலிருந்து வெளியேற வேண்டிய மக்கள் எங்கே குடியேறுவர் என்பதையும் குறித்தது. அவ்வாறு குறிக்கப்பட்ட ஊர்களில் ஒன்றான ஸ்டீவனேஜில் 1946இல் நிகழ்ந்த மோதல், வீட்டுவசதித் திட்டங்களில் மக்கள் கருத்து எவ்வாறு கேட்கப்படுகிறது என்பதை ஆராய்வதற்குரிய சிறந்த களமாகும்.

ஹெர்பர்ட் மாரிசன் தலைமையிலான லண்டன் கவுண்டி கவுன்சில், 1935இல் நகரைச் சூழ்ந்த திறந்தவெளிகளை வாங்குவதற்கு அண்டை மன்றங்களுக்கு நிதியளிக்க முன்வந்தது. 1938ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு பெறப்பட்ட நிலங்களின் விற்பனைக்கும் கட்டுமானத்திற்கும் தடை விதித்தது. 1944இல் பேட்ரிக் ஆபர்கிராம்பி உருவாக்கிய பெருலண்டன் திட்டமே இதனை முழுமையான வளையமாக விரித்தது. வளையத்திற்குள் வீடுகள் கூடா. நெரிசல் மிகுந்த பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 10 இலட்சம் பேர் அதற்கு அப்பால் குடியேற வேண்டும். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் சுமார் 6,000 பேர் வாழ்ந்த ஸ்டீவனேஜ், 60,000 பேருக்கான நகராக வளர வேண்டும் என்று கருதப்பட்டது.

நகர்-கிராமத் திட்டமிடல் அமைச்சர் லூயிஸ் சில்கின் 1946 மே 6 அன்று அவ்வூர்க் கூட்டத்தில் பேசினார். புதுநகரங்கள் மசோதா அப்போது சட்டமாகியிருக்கவில்லை. மண்டபத்தில் கூச்சல் எழுந்தபோது, கேலி செய்வதால் பயனில்லை, இது நடந்தே தீரும் என்னும் பொருள்பட அவர் விடையளித்தார். அவருடைய காரின் சக்கரங்களில் காற்று பிடுங்கப்பட்டது. பின்னர் ரயில் நிலையப் பெயர்ப்பலகையில் 'சில்கின்கிராட்' என்னும் பெயர் ஏறியது. சோவியத் நகரங்களின் பெயர்ச்சாயலில் அமைந்த அக்கேலி, ஊரார் அமைச்சரை எவ்வாறு கண்டனர் என்பதைப் புலப்படுத்துகிறது. மசோதா ஆகஸ்டு மாதம் சட்டமாயிற்று. அக்டோபரில் பொது விசாரணை நடைபெற்றது. நவம்பரில் ஸ்டீவனேஜ் புதுநகராக அறிவிக்கப்பட்டது.

ஆட்சேபித்தோர் நீதிமன்றத்தை நாடினர். ஃபிராங்க்ளின் வழக்கு என்று சட்டத்துறையில் அறியப்படும் அதில், அமைச்சர் திறந்த மனத்துடன் ஆட்சேபங்களை அணுகவில்லை என்று கூறி உயர் நீதிமன்றம் ஆணையை நீக்கியது. மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. 1947 ஜூலையில் பிரபுக்கள் அவையும் அமைச்சர் பக்கமே நின்றது. அவை கூறிய காரணம் வழக்கின் முடிவைவிட முக்கியமானது. அமைச்சரின் பணி நிருவாகப் பணியே, நீதிபரிபாலனம் அன்று. விசாரணையின் நோக்கம் ஆட்சேபங்களை அமைச்சருக்கு அறிவிப்பதே. திட்டத்திற்கு ஆதரவான சான்றுகளை அரசு அங்கு முன்வைக்க வேண்டியதில்லை. அவர் ஆட்சேபங்களை உண்மையாகக் கருதிப் பார்த்தால் போதும்.

இத்தீர்ப்பைக் குடிமக்கள் உரிமைக்கு நேர்ந்த பின்னடைவாகக் காண்பது எளிது. அது தவறுமன்று: முடிவை முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் பின்னர்க் கேட்பது கேட்பாகாது. ஆனால் அன்றைய மண்டபத்தில் இல்லாதவர்களையும் கருத வேண்டும். போரில் சிதைந்த லண்டன் தெருக்களில் ஒரே அறையைப் பல பேர் பகிர்ந்து வாழ்ந்தோருக்கு ஸ்டீவனேஜில் வாக்கும் இல்லை, வயலும் இல்லை. சில்கின் லண்டன் பெக்கம் தொகுதியின் உறுப்பினர். லண்டன் கவுன்சிலின் வீட்டுவசதிக் குழுத் தலைவராகவும் இருந்தவர். அவருடைய பேச்சின் கடுமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம். அப்பகுதியில் இளமையைக் கழித்த நாவலாசிரியர் ஈ. எம். ஃபார்ஸ்டர் அதே ஆண்டு வானொலி உரையொன்றில் இவ்விருதலைத் துயரை மறைக்காது பேசினார்: மக்களுக்கு வீடு வேண்டும் என்பதை மறுக்கவில்லை, மீட்க இயலாத ஒன்று அழிகிறது என்னும் எண்ணத்தையும் விடவில்லை. விசாரணையின் வடிவம் முதல் தரப்பை மட்டுமே 'ஆட்சேபிப்போர்' என்று அறிந்தது. வரவிருக்கும் குடியிருப்போருக்கு அதில் இருக்கை இல்லை. அவர்கள் சார்பில் அமைச்சரே பேசினார், அவரே தீர்ப்பும் அளித்தார்.

1955இல் அமைச்சர் டங்கன் சாண்டிஸ் வெளியிட்ட 42/55ஆம் சுற்றறிக்கை, வளையக் கொள்கையை நாட்டின் பிற நகரங்களுக்கும் விரித்தது. பரவலைத் தடுத்தல், அண்டை ஊர்கள் ஒன்றிணையாமல் காத்தல், ஊரின் தனித்தன்மையைப் பேணல் ஆகியன அதன் நோக்கங்கள். வீடற்றோர் இம்மூன்றிலும் இடம்பெறவில்லை.

கேட்கும் முறை 1968இல்தான் மாறத் தொடங்கியது. அவ்வாண்டின் திட்டமிடல் சட்டம், கட்டமைப்புத் திட்டம் உருவாகும் நிலையிலேயே மக்களுக்கு அறிவித்துக் கருத்துரைக்க வாய்ப்பளிக்குமாறு மன்றங்களைப் பணித்தது. ஆர்தர் ஸ்கெஃபிங்டன் தலைமையிலான குழு 1969இல் 'மக்களும் திட்டமிடலும்' என்னும் அறிக்கையை அளித்தது. சங்கங்களில் சேராதோரை, கூட்டங்களுக்கு வாராதோரைத் தேடிச் செல்லத் தனி அலுவலர்கள் வேண்டும் என்னும் அதன் பரிந்துரை, வராதவர்களும் ஒரு தரப்பே என்பதை ஏற்றது. அப்பரிந்துரை சட்டக் கட்டாயமாகவில்லை. ஏற்கப்பட்டிருப்பினும் அவ்வலுவலர்கள் தேடியிருக்கக்கூடியது அவ்வூரில் ஏற்கெனவே வாழ்வோரையே.

ஸ்டீவனேஜ் மன்றம் 2019இல் ஏற்ற உள்ளூர்த் திட்டம், வளையத்திலிருந்து சில நிலங்களை வீடுகளுக்காக விடுவித்தது. நகரின் வடக்கே 'ஃபார்ஸ்டர் நாடு' என்று அழைக்கப்படும் வயல்வெளியின் ஒரு பகுதியும் அதில் அடங்கும். எதிர்ப்பு மீண்டும் எழுந்தது. இம்முறை அது 2021 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 89,500 பேர் வாழும் நகரிலிருந்து, சில்கினின் வீடுகள் நிற்கும் அதே தெருக்களிலிருந்து வந்தது.