சேர்க்கை விளைவு

வளரிளம் பருவத்தினர் புகைபிடித்தல், மது, திருட்டு, அடிதடி, பள்ளிக்கு மட்டம் போடுதல் போன்ற பழக்கங்களைத் தம் வயதுக் கூட்டாளிகளிடமிருந்து கற்பதும், ஒருவர் முன் ஒருவர் அவற்றை வளர்த்துக்கொள்வதும் சேர்க்கை விளைவு எனப்படும். ‘பையன் நல்லவன்தான், சேர்க்கைதான் சரியில்லை’ என்று பெற்றோர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் டெனிஸ் காண்டெல் மாணவர் நட்புகளை ஒரு கல்வியாண்டு முழுதும் கவனித்து, 1978இல் தம் முடிவுகளை வெளியிட்டார். பிள்ளைகள் முதலில் தம்மைப் போன்றவர்களையே தேடிச் சேர்கிறார்கள். சேர்ந்தபின் இன்னும் ஒத்துப்போகிறார்கள். இரண்டும் ஏறக்குறைய சம அளவில் நடந்தன. அதாவது சேர்க்கையைத் தேர்ந்தெடுத்ததில் பையனுக்கும் பங்கு உண்டு.

இந்தத் தாக்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தின் யூஜின் நகரில் 1980களில் தொடங்கிய ஆய்வு. அதில் 206 சிறுவர்கள் பங்கேற்றனர். 13, 14 வயதில் ஒவ்வொருவரும் தன் நண்பனுடன் ஓர் அறையில் 25 நிமிடம் பேச, அது ஒளிப்பதிவு செய்யப்பட்டது. உளவியலாளர் தாமஸ் டிஷியன் குழுவினர் சிறுவர்கள் பேசியதோடு, அந்தப் பேச்சுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்பதையும் குறித்தார்கள். ஏற்கெனவே வம்பில் மாட்டியிருந்த இருவர் சேர்ந்தால், விதியை மீறிய கதைக்குச் சிரிப்பு எழுந்தது. மற்ற பேச்சுகள் கவனிப்பாரின்றி அடங்கின. சிரிப்பு கிடைத்த பேச்சு திரும்பத் திரும்ப வந்தது. அப்படிப் பழகியவர்களிடம் பின்னாளில் போதைப் பழக்கமும் குற்றச் செயல்களும் கூடின. டிஷியன் குழுவினர் இதைப் பிறழ்நடத்தைப் பயிற்சி என்றனர். யாரும் யாரையும் வற்புறுத்தவில்லை, மிரட்டவில்லை. ‘கெட்ட நண்பன் இழுத்துவிடுகிறான்’ என்னும் படிமம் இங்கே பொருந்தவில்லை. இழுத்தது கூட இருப்பவனின் சிரிப்பு.

பேச்சுகூட இல்லாமல், கூட்டாளி பக்கத்தில் இருப்பதே போதுமானதாகவும் இருக்கிறது. உளவியலாளர்கள் மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், 306 பேர் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை ஆடினர். கூட்டாளிகள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதினர் தனியாக ஆடியதைவிட மிகக் கூடுதலாகத் துணிந்தனர். 24 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

இத்துறையின் மிகக் கசப்பான பாடம் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட முயற்சிகளிலிருந்தே வந்தது. மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய ஊர்களில், மருத்துவர் ரிச்சர்ட் கேபட் திட்டமிட்ட பணி 1939இல் தொடங்கியது. ஒத்த பின்னணியுள்ள சிறுவர்களை இருவர் இருவராகச் சேர்த்து, ஒவ்வொரு சோடியிலும் ஒருவனுக்கு ஆலோசகரின் வீட்டு வருகை, படிப்புக்கும் மருத்துவத்துக்கும் உதவி, கோடை முகாம் ஆகியவற்றை ஐந்தாண்டு அளவுக்குக் கொடுத்தார்கள். மற்றவனை அவன்போக்கில் விட்டார்கள். முப்பது ஆண்டுகளுக்குப்பின் ஆய்வாளர் ஜோன் மெக்கார்ட் 506 பேரின் வாழ்க்கையைத் தேடிப் பார்த்தார். உதவி பெற்றவர்களில் பெரும்பாலோர் திட்டம் தமக்கு நன்மை செய்ததாக நன்றியோடு சொன்னார்கள். பதிவேடுகள் வேறு கதை சொல்லின: மீண்டும் குற்றம், குடி நோய், மனநோய், இளவயது மரணம் ஆகியவை உதவி பெற்றவர்களிடமே கூடுதல். கோடை முகாமுக்கு ஒருமுறைக்கு மேல் அனுப்பப்பட்டவர்களின் நிலை மிக மோசமாக இருந்ததைப் பிந்தைய பகுப்பாய்வு காட்டியது. முகாமில் சிறுவர்கள் ஒருவருக்கொருவர் பார்வையாளரானதே காரணமாக இருக்கலாம் என்று மெக்கார்டும் டிஷியனும் கருதினர்.

டிஷியனின் சொந்தத் திட்டமும் இத்தகைய தீங்குக்குத் தப்பவில்லை. சிக்கலில் விழக்கூடிய 119 வளரிளம் பருவத்தினரைப் பல பிரிவுகளாகப் பிரித்து அவர் நடத்திய சோதனையில், பெற்றோருக்கான வகுப்புகள் பயன் தந்தன. பிள்ளைகளை மட்டும் குழுவாக உட்காரவைத்துத் தன்னடக்கம் கற்பித்த பிரிவில் புகைப்பழக்கம் கூடியது. தம் திட்டம் தீங்கு செய்ததை அவர் மறைக்காமல் வெளியிட்டார்.

இம்முடிவுகளை எல்லோரும் ஏற்கவில்லை. ஆய்வாளர் பார் வைஸ் குழுவினர் 2005இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, குழுச் சிகிச்சை பொதுவாகத் தீங்கு செய்கிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என்றனர். வயது, நடத்துபவரின் திறமை, குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறும் என்பது நியாயமான நிலைப்பாடு. கெட்ட சேர்க்கையைத் தவிர்க்கப் பிரித்துவைப்பது ஒரு வழி. இந்தியாவில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குற்றஞ்சாட்டப்பட்ட சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் பிள்ளைகளை வயது, பாலினம், குற்றத்தின் தீவிரம் ஆகியவற்றைக் கருதிப் பிரித்துவைக்கச் சொல்கிறது.

பிரிப்பதற்கு மாறான வழியையும் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரின் ஒரு சமூக மையத்தில் ஆய்வாளர் ரொனால்ட் ஃபெல்ட்மனும் உடனிருந்தோரும் நடத்திய ஆய்வு 1983இல் நூலாக வந்தது. வம்புக்குப் பேர்போன சிறுவர்கள் சிலரைத் தம்மையொத்தவர்கள் மட்டுமே உள்ள குழுக்களிலும், சிலரைச் சாதாரணப் பிள்ளைகளின் விளையாட்டுக் குழுக்களில் ஓரிருவராகவும் சேர்த்தார்கள். கலந்து சேர்ந்தவர்கள் தேறினார்கள். அவர்களோடு விளையாடிய மற்றப் பிள்ளைகள் கெட்டுப்போகவில்லை.